மூன்று வாரம் உழைத்து வரைந்த டிசைனை யாரும் கண்டுகொள்ளவில்லையா?

தம்பி, யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து முழுத் திரையையும் புதிதாக வரைந்து அனுப்பினேன், இரண்டு பேர் ஏதோ சொன்னார்கள், அப்புறம் பேச்சே இல்லை, எனக்கு இந்தத் துறை ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறாய். ஒத்துவரும். ஆனால் நீ நுழையப் பார்த்த வாசல் கடினமானது.

ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால் சரியா தப்பா என்று ஓட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு பட்டனை இடம் மாற்றினால் அப்படிச் சொல்ல முடியாது, பத்து வருடமாக அதே இடத்தில் கிளிக் செய்து பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளையே பார். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பட்டனை அழுத்துவதுதான் அதில் பல வருடம் இயல்பான அமைப்பு, புதிதாக வந்தவர்கள் தடுமாறினார்கள், ஆனாலும் 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில்தான் அது இடது பட்டனுக்கு மாறியது. அப்போதும் பழைய முறை வேண்டுபவர்களுக்கு அதை விட்டுவைத்தார்கள். கடிதம், கணக்குத் தாள் போன்ற அலுவலக வேலைகளுக்கான லிப்ரே ஆபீஸும் 2017-ல் தாவல் வடிவ மெனுவைச் சோதனை முயற்சியாகக் கொண்டுவந்தபோது பழைய மெனுவைத் தூக்கிவிடவில்லை. ஆக, உன் டிசைனுக்குக் கிடைத்த மௌனத்தை உன் திறமைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்றையும் யோசி. நீ ஃபிக்மா என்ற டிசைன் கருவியில் வரைந்தது ஒரு படம், அதை நிஜமாக்கும் வேலை வேறொருவர் தலையில் விழுகிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டும், கீபோர்டை மட்டும் வைத்து இயக்குபவருக்கும் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கும் வேலை செய்ய வேண்டும், வலமிருந்து இடமாக எழுதும் அரபியிலும் உடையக் கூடாது. அதைச் செய்யவேண்டியவர்களில் பலர் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்காருபவர்கள்.

அதனால் சின்னதாகத் தொடங்கு. லிப்ரே ஆபீஸின் உரையாடல் பெட்டிகள் எக்ஸ்எம்எல் என்ற, திறந்து படித்துத் திருத்தக்கூடிய எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன, ஒரு லேபிளையோ இடைவெளியையோ திருத்த சி பிளஸ் பிளஸ் நிரல்மொழியில் புலியாக இருக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்கென்றே 'ஈஸி ஹாக்' என்று குறித்த வேலைகளும் அங்கே உண்டு.

உனக்குத் தமிழ் தெரியும் என்பது இதில் பெரிய பலம், இதை நான் மிகவும் நம்புகிறேன். ஏதாவது ஒரு மென்பொருளைத் தமிழ் இடைமுகத்துக்கு மாற்றிப் பார். ஆங்கிலத்தில் நாலே எழுத்தான 'அன்டூ' தமிழில் 'செயல்தவிர்' ஆகிறது, இப்படிப் பட்டனுக்குள் அடங்காத சொற்கள் நிறைய. 'கு', 'ழு' போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி நெருக்கமான வரியில் வெட்டுப்படுவதும் உண்டு. தமிழ் படிக்கத் தெரியாத டெவலப்பர் கண்ணில் இது படாது, உன் கண்ணில் படும். படம் எடுத்து, எந்தப் பதிப்பு, எப்படி வரவழைப்பது என்று எழுதி அனுப்பினால், அது பிழை, ரசனைச் சண்டைக்கு அங்கே இடமில்லை.

பெரிய மாற்றம்தான் கேட்க வேண்டுமென்றால் 'மாடர்னாக இல்லை' என்று எழுதாதே. ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு அதை எழுது.

அப்பா வேலை கிடைக்குமா என்று கேட்கிறார் என்றாயே, அவரிடம் இதைச் சொல். புதியவர்களை ஓப்பன் சோர்ஸ் வேலைக்குள் கொண்டுவரும் திட்டங்கள் உண்டு, அவற்றில் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் கோடு எழுதியாக வேண்டும், அவுட்ரீச்சியில் டிசைன் வேலைக்கும் உதவித்தொகையோடு இடமுண்டு, தகுதி விதிகளை மட்டும் முதலில் படித்துக்கொள். நேர்காணலில் நான் காட்டச் சொல்வது அழகான படத்தை அல்ல, ஒரு சின்னத் திருத்தம் ஏற்கப்படும்வரை நீ எப்படிப் பேசினாய், எதை விட்டுக்கொடுத்தாய் என்ற அந்த உரையாடலை.

சரி, அந்தப் பழைய டிசைனைத் திற. அதிலிருந்து ஒரே ஒரு திரையை எடு, அதில் ஒரே ஒரு தடுமாற்றத்தை எடு, இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அதை மட்டும் பிழை அறிக்கையாக எழுதி எனக்குக் காட்டு.