ஏறிக்கொண்டிருக்கும் ரொக்கெட் எங்கே இருக்கிறது என்பதை ஜிபிஎஸ் எப்படிக் காட்டுகிறது?

ஜிபிஎஸ் போன்ற செய்மதி வழிகாட்டல் என்பது வானிலிருந்து வரும் நேரச் சமிக்ஞைகளைக் கொண்டு இருக்கும் இடத்தைக் கணக்கிடும் முறை. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகள் தம் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கின்றன. ரொக்கெட்டில் உள்ள கருவி, ஒவ்வோர் அறிவிப்பும் எவ்வளவு தாமதித்து வந்தது என்று பார்த்துத் தூரத்தை அறிகிறது.

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஹட்டன் பக்கம் மூடுபனி இறங்கி, எதிர் லயம்கூடத் தெரியாத காலையில், தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு சரியாக 6 மணிக்கு ஊதுகிறது என்று வையுங்கள். அது 3 வினாடி பிந்திக் கேட்டால், தொழிற்சாலை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. மூன்று தோட்டத்துச் சங்குகள் கேட்டால், பனிக்குள் நின்றபடியே எந்த மேட்டில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் செய்மதிகள் நான்கு வேண்டும்; நான்காவது, கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கு. செய்மதியின் சமிக்ஞை ஒலிபோலன்றி ஒளியின் வேகத்தில் வருவதால், ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீற்றர் தவறிவிடும்.

கணக்கிட்ட இடத்தை ரொக்கெட் வானொலி அலையில் தரைக்கு அனுப்பிக்கொண்டே ஏறும். பாதை விலகினால், ஊர்கள்மேல் விழுமுன் அதை அழிக்க இந்தத் தகவல் உதவுகிறது. எனக்கு இதுவே மிகப் பெரிய பயனாகத் தெரிகிறது.

செய்மதிதான் ரொக்கெட்டைப் பார்த்துப் பின்தொடர்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தன் ஒலியை யார் கேட்கிறார்கள் என்று சங்குக்குத் தெரியாததுபோல, செய்மதிக்கும் ரொக்கெட் இருப்பதே தெரியாது.