பெட்டியில் 3,000 லிட்டர், பக்கெட்டில் 1,500: பவளத் தொட்டிக்கு பம்ப் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் சார். சென்னையில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்குள் சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்யும் கீழ்த்தொட்டி, இருக்கிறது. மணிக்கு 3,000 லிட்டர் என்று பெட்டியில் போட்ட பம்ப் வாங்கினேன். தண்ணீர் விழும் இடத்தில் 10 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தால் நிரம்ப 24 விநாடி ஆகிறது. கணக்குப் போட்டால் பாதிகூடத் தேறுமா என்று சந்தேகம். கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். பின்பக்க மூலையில் சிவப்பாக வழவழப் படலம் வேறு படிகிறது. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா? 6,000 லிட்டர் பம்ப் வாங்கிவிடலாமா?

பதில்: முதலில் பாராட்டு. பக்கெட்டையும் கடிகாரத்தையும் வைத்து அளந்து பார்ப்பவர்கள் அபூர்வம். 24 விநாடிக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 1,500 லிட்டர். சரியாகப் பாதி.

ஆனால் உங்கள் பம்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 3,000 லிட்டருக்குப் பக்கத்தில் 'எச்-மேக்ஸ்' என்று போட்டு 3 மீட்டர் போல ஓர் எண் இருக்கும். அந்த உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினால் ஒரு சொட்டும் வெளியே வராது என்று அதற்கு அர்த்தம். 3,000 லிட்டர் என்பது உயரமே இல்லாமல் ஓடும்போது கிடைப்பது. சம்ப் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டி விளிம்பு வரை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஏற வேண்டும். நடுவில் இரண்டு எல்போ, ஒரு வால்வு. இத்தனையையும் தாண்டிப் பாதி வருகிறதென்றால் பம்ப் ஒழுங்காகத்தான் உழைக்கிறது.

சந்தேகம் தீர இன்னொரு முறை அளங்கள். பைப்பைக் கழற்றிவிட்டு, குட்டி ஹோஸ் மாட்டி, சம்ப் தண்ணீர் மட்டத்திலேயே பக்கெட்டை வைத்துப் பிடியுங்கள். 12, 13 விநாடிகளில் நிரம்பினால் கடைக்காரர் மேல் தப்பில்லை. அப்போதும் 20 விநாடிக்கு மேல் இழுத்தால் பெட்டியில் போட்ட எண் பொய். பொருளின் தரத்தையோ திறனையோ பொய்யாகச் சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. பக்கெட் அளவை வீடியோ எடுத்து, பில்லோடு சேர்த்து, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே கடைக்காரர் பேச வந்துவிடுவார்.

6,000 லிட்டர் பம்ப் வேண்டவே வேண்டாம். உங்கள் தொட்டி சுமார் 250 லிட்டர். மணிக்கு 1,500 லிட்டர் சம்ப் வழியாக ஓடினால் தண்ணீர் ஆறு முறை சுற்றுகிறது. அதற்கு இதுவே தாராளம். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் இந்த ரிட்டர்ன் பம்பின் வேலை ஸ்கிம்மருக்கும் (நுரையாகக் கழிவைப் பிரிக்கும் கருவி) ஹீட்டருக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்த் திருப்பித் தருவது மட்டும்தான். இரண்டு மடங்கு பம்ப் மாட்டினால், தொட்டித் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி இரைச்சல் போடும், தண்ணீர் சூடாகும், மூலையில் இருக்கும் படலம் அங்கேயே இருக்கும்.

பவளத்துக்கு வேண்டியது வேறு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துக் கடலோடிகள் நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள். கரையோரப் பவளத்திட்டில் அது ஒரே பக்கமாக ஓடுவதில்லை. அலை வரும்போது ஒரு பக்கம் இழுக்கும், திரும்பும்போது மறுபக்கம் தள்ளும். பவளம் இருந்த இடத்தை விட்டு நகர முடியாத உயிர். இரை, ஆக்ஸிஜன் எல்லாம் அதைத் தேடி வர வேண்டும்; கழிவைத் தண்ணீர்தான் அள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓட்டம் இல்லாத இடத்தில் அதன் தோல்மேல் மெல்லிய நீர்ப்படலம் அசையாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன்பின் எவ்வளவு நல்ல லைட் போட்டாலும் பயனில்லை.

அதற்குத்தான் வேவ்மேக்கர்: தொட்டிக்குள்ளேயே கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டி, தண்ணீரை வீசிக் கலக்கும் சின்ன பம்ப். மென்பவளம், காளான் பவளம், சோவாந்தஸ் மாதிரியானவற்றுக்குத் தொட்டி அளவைப்போல மணிக்கு 10 முதல் 20 மடங்கு ஓட்டம் போதும். உங்களுக்கு 2,500-லிருந்து 5,000 லிட்டர். ஒரே பெரிய வேவ்மேக்கரைவிட 2,000 லிட்டர் அளவில் இரண்டு வாங்கி, இரு பக்கக் கண்ணாடியிலும் மேல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒட்டுங்கள். இரண்டு வீச்சும் நடுவில் மோதிக் கலைய வேண்டும். மேல்பரப்பு சிலிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்ஸிஜன் அந்த வழியாகத்தான் வருகிறது.

மூலைக்கு ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒரு சாண் தையல் நூல் கட்டுங்கள். தொட்டிக்குள் விட்டுப் பாறைக்குப் பின்னால், மூலையில், மணலுக்கு ஒரு விரற்கடை மேலே என்று மெதுவாக நகர்த்துங்கள். நூல் துள்ளும் இடத்தில் ஓட்டம் இருக்கிறது. செத்த பாம்புபோலத் தொங்கும் இடத்தில்தான் உங்கள் சிவப்புப் படலம் இருக்கும். பாறைகளைப் பின் கண்ணாடியோடு ஒட்டி அடுக்கியிருந்தால் இரண்டு அங்குலம் முன்னால் இழுத்துவிடுங்கள். பல வீடுகளில் புது பம்ப் வாங்காமலே மூலை சரியாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இரை அதிகம் போட்டாலும் அந்தப் படலம் வரும், அதையும் குறையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும் நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடலில் எடுப்பதும் குற்றம், விற்பதும் வாங்குவதும் குற்றம். 'தூத்துக்குடியிலிருந்து வந்தது சார், உயிர்ப்பாறை' என்று யாராவது காட்டினால் அந்தக் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலத்தின் காயம் இன்னும் ஆறவில்லை. மற்றவற்றையும் இறக்குமதிக் காகிதம் காட்டாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். 3 அடி தொட்டி, 180 லிட்டர். மணிக்கு 8,000 லிட்டர் வேவ்மேக்கர் ஒன்று. ஹாமர் பவளம் ஒரு பக்கம் மட்டும் தோல் கிழிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. வேவ்மேக்கரை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். திசையை மாற்றுங்கள். ஹாமர், டார்ச் வகைகளின் சதை மென்மையானது. உள்ளே இருக்கும் எலும்புத் தகடுகளின் விளிம்பு கூர்மையானது. ஒரே பக்கத்திலிருந்து ஓயாமல் வீசினால் சதை அந்த விளிம்பில் உராய்ந்து கிழியும். ஒரு பக்கம் மட்டும் கிழிந்திருப்பதே சாட்சி. வேவ்மேக்கரை முன் கண்ணாடியை நோக்கித் திருப்பி, கன்ட்ரோலரில் வேகத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, விட்டுவிட்டு வீசும் மோடில் போடுங்கள். பவளத்தின் கைகள் வயலில் கதிர் சாய்வதுபோல மெல்ல சாய்ந்து நிமிர வேண்டும். ஒரே பக்கம் படுத்தே கிடந்தால் அதிகம். ஆடாமல் நின்றால் குறைவு. கிழிந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஜெல்லிபோல ஏதாவது தென்பட்டால் அன்றே அந்தத் தலையை, அதாவது பவளத்தின் அந்தக் கிளையை, பிரித்துத் தனியாக வையுங்கள். பக்கத்துத் தலைகளுக்கும் பரவும்.

கேள்வி: மதுரை. ஏசி பம்ப் 60 வாட். டிசி பம்ப் 20 வாட், ஆனால் விலை மூன்று மடங்கு. கரன்ட் போனால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பதில்: 60 வாட் பம்ப் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். 20 வாட் என்றால் 29 யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் இந்த 57 யூனிட் உங்களை அடுத்த ஸ்லாபுக்குத் தள்ளுகிறதா என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். தள்ளினால் டிசி வாங்குவது லாபம். மதுரை வெயிலில் பம்பின் சூடு தண்ணீரில் இறங்காதது தனி லாபம். பவளத்துக்கு 26 டிகிரியைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

கரன்ட் போனால் ஒரே ஒரு வேவ்மேக்கர் ஓடினாலும் தொட்டி பிழைக்கும். 10 வாட் இழுக்கும் 12 வோல்ட் வேவ்மேக்கர் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஆறு மணி நேரம் போல ஓடும். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் மாட்டாதீர்கள், உறுமும், சூடேறும்.

ரிட்டர்ன் பம்ப் வாங்கிய அன்றே வேண்டுமென்றே அதன் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ரிட்டர்ன் பைப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சம்ப் நிரம்பி வழியக்கூடும். பைப்பில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே சின்னத் துளை போட்டால் காற்றுப் புகுந்து நின்றுவிடும். அந்தத் துளையை மாதம் ஒருமுறை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், உப்பு அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஆன்லைனில் வேவ்மேக்கர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இறக்குமதி செய்த பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். இவை இல்லாத பெட்டிக்கு வாரன்டி கேட்க ஆள் இருக்காது. உங்கள் கண்ணாடி 10 மில்லிமீட்டரா 12-ஆ என்று அளந்து, காந்தம் அந்தத் தடிமனைத் தாங்குமா என்று கேளுங்கள். தாங்காவிட்டால் நடுராத்திரியில் கழன்று மணலில் விழுந்து தொட்டியையே கலக்கிவிடும். இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) ஷாஃப்ட் செராமிக்கா என்றும் கேளுங்கள். ஸ்டீல் கடல்நீரில் துருப்பிடிக்கும். உதிரி இம்பெல்லர் தனியாகக் கிடைக்காத பம்பை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் நான் வாங்க மாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் சுண்ணாம்பு கரைந்து பழைய வேகம் வந்துவிடும். வேகம் குறைந்துவிட்டதே என்று புதிது வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.