துக்கத்தில் கடவுள் கூட இருப்பது எப்படித் தெரியும்?

நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு கும்பிட்டாலும் கல்லோடு பேசுவது போலத்தான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எங்களுக்கு மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். 2011இல், நைட் ஷிப்ட் முடிந்து மோட்டாரில் கிளம்பிய என் தம்பி வீடு வந்து சேரவில்லை. வயது 23. அந்த வாரம் வந்தவர்கள் சொன்ன ஆறுதலில் ஒன்றுதான் இன்னும் காதில் இருக்கிறது: "நல்லவங்கள ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்குவான்." அதுவும் எரிச்சலாக இருக்கிறது. (தயவுசெய்து யார் வீட்டிலும் இதைச் சொல்லாதீர்கள்.) ராத்திரி முழுக்கக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை மறக்க முடியவில்லை.

அம்மா விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாட்டிக்கு இது புதிதில்லை. 1943இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ரப்பர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தானே, அதில் போனவர் அவருடைய அப்பா. பாட்டிக்கு அப்போது ஆறு வயது. போனவர் போனவர்தான். செத்த தேதி தெரியாது, புதைத்தார்களா எரித்தார்களா அதுவும் தெரியாது. கருமாதி செய்யலாமா கூடாதா என்பதே வீட்டில் பல வருடச் சண்டையாம். பாட்டியின் அம்மா விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது மாரியம்மன் முன்னால் நின்று ஒரு வசவு விடுவாராம், திரும்பும்போது இன்னொன்று. சாகிறவரைக்கும்.

"திட்டுறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்பார் பாட்டி.

அப்புறம் பல வருடம் கழித்துத் தேவார வகுப்பில் உட்கார்ந்தபோது இது நம் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை என்று தெரிந்தது. சுந்தரர் இரண்டு கண்ணையும் இழக்கிறார். காஞ்சிபுரத்தில் ஒரு கண் கிடைக்கிறது. மற்றதற்காகத் திருவாரூரில் போய் நிற்கிறார். கெஞ்சுவார் என்றுதானே நினைப்போம்? 'மீளா அடிமை' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நாங்கள் இப்படிக் கிடக்கிறோம், நீர் நன்றாக இரும் ஐயா என்கிற குத்தல். அதைத்தான் பண்ணோடு ஓதிக்கொண்டிருக்கிறோம்.

கடவுள் கூட இருந்தால் நெஞ்சுக்கு இதமாக ஏதாவது தோன்றும் என்று நானும் காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கல்லோடு பேசுவது போல என்கிறீர்களே, பேச்சை நீங்கள் விடவில்லை பாருங்கள். எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது.

சரி, அம்மா கதைக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் பாட்டி பிடிவாதமாக எங்களைப் பழைய தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். பால்மரம் எல்லாம் போய்ச் செம்பனை ஆகிவிட்டது, தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. தீட்டு என்பதால் உள்ளே போகவில்லை. சூலத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அம்மா ரொம்ப நேரம் வாய் திறக்கவில்லை. திடீரென்று, "அவன் மோட்டார் கடன் இன்னும் பதினெட்டு மாசம் இருக்கு. நீ வந்து கட்டுவியா?" என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் இருக்கும். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. பூசாரி கிணற்றடிப் பக்கம் நழுவிவிட்டார்.

தொண்டை கட்டிப்போய்த் திரும்பும்போது அம்மா சட்டென்று நின்றார். கருவறை விளக்கு எண்ணெய் வற்றிப் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன பூசாரி இது, அவள இப்படி இருட்டுலயா உட்கார வச்சிருப்பீங்க?" என்று அடுத்த சண்டையைத் தொடங்கினார்.