அம்மாவுக்கு சி15 வில்லை வாங்கலாமா?

தங்கச்சி, ஹட்டனில் இருக்கும் அம்மாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூட, சி15 வில்லையை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அது பென்டாடெக்கனோயிக் அமிலம், 15 கார்பன் கொண்ட நிறைவுற்ற கொழுப்பு. மாட்டின் இரைப்பையில் வாழும் பக்டீரியாக்களால் பாலுக்குள் வருகிறது. பால்கொழுப்பில் சுமார் 1 சதவீதம். இரத்தத்தில் இது கூடுதலாக உள்ளவர்களிடம் நீரிழிவு குறைவாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் பால் நிறையக் குடித்தாலே இதன் அளவு கூடும். நன்மை இதனாலா, பாலிலுள்ள வேறொன்றாலா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

அந்தக் காசுக்கு வாரம் இரண்டு நாள் சாளை மீன் வாங்கிக் கொடுங்கள், டின்மீனும் பரவாயில்லை. மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்புக்கு ஆதாரம் சி15ஐ விட எவ்வளவோ உறுதி. பொரிக்காமல் குழம்பாக்குங்கள், தேங்காய்ப்பாலைக் குறைத்து. கிளினிக் மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள்.