தம்பி காலில் இருக்கும் ஷூ

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஏழாவது படிக்கும்போது ஜோனல் போட்டியில் 200 மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். வயதுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மண்டபம் பிடித்து, மாமன் சீர் வைத்து, நன்றாகவே செய்தோம். அதற்குப் பிறகு ஓட்டம் என்ற பேச்சே இல்லை. பி.டி. பீரியடில் வயிற்று வலி என்று வகுப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறாளாம். உடம்பும் போட்டுவிட்டது. அவளுடைய பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு தம்பி தினமும் கிரிக்கெட் கோச்சிங் போகிறான். இவள் போனும் கையுமாகக் கட்டிலில் கிடக்கிறாள். எடை குறையட்டும், ஓடு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். ஓடினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று மாமியார் வேறு தடுக்கிறார். இந்தச் சோம்பலை எப்படிப் போக்குவது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: அம்மா, இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. இந்த வயதில் எல்லாப் பெண்களும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதப்போவதில்லை. தானாகச் சரியாகாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மூன்று முறை படித்தேன். ஷூவைப் பற்றிய வரி. அவளுக்குச் சின்னதாகிவிட்டது, தம்பிக்குக் கொடுத்தீர்கள். சரி. அவளுக்கு என்ன வாங்கினீர்கள்? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு சொல் இல்லை. பருவ வயதில் உயரம் கூடுவதற்கு முன்னே பாதம் வளர்ந்துவிடும். சீருக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலேயே அந்த ஷூ அவள் காலைக் கடித்திருக்கும். பட்டுக்கு ரவிக்கை அளவு எடுத்த வீட்டில் அவள் காலை அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது ஓடு என்கிறீர்கள். எதைப் போட்டுக்கொண்டு ஓடுவாள்?

நீ இனிமேல் ஓட வேண்டாம் என்று உங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஷூ கைமாறிய அன்று அவளே புரிந்துகொண்டாள். இதைச் சோம்பல் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சீர் செய்வது ஊருக்கான கடமை. வளர்கிற பிள்ளையின் உடம்புக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பது பெற்றவர்களின் கடமை, அதில் மகன் மகள் என்று தட்டு இரண்டு கிடையாது.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுக் கணக்கை உலக சுகாதார அமைப்பு வெளியிட்டது. 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில், நாளுக்கு ஒரு மணி நேரமாவது ஓடியாடி விளையாட வேண்டும் என்ற அளவை எட்டாத பையன்கள் நூற்றுக்கு 78 பேர், பெண்கள் 85 பேர்.

அவள் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாராவது அவளிடம் சொன்னீர்களா? இடுப்பு அகலும், கொழுப்பு கூடும், மார்பு வளரும். 12 வயதில் ஓடிய வேகம் கொஞ்ச நாளைக்கு வராது. நமக்கு ஓட்டமே போய்விட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்வாள். சாதாரண உள்ளாடையோடு, பையன்கள் பார்க்கும் கிரவுண்டில் மார்பு குலுங்க ஓடுவதைவிட வயிற்று வலி என்று சொல்லிவிடுவது எளிது. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு வாங்குங்கள். பொய்யென்று நினைத்து வலியை ஒதுக்கவும் வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, டாக்டரைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அது இருந்தது. ரத்தமில்லாத பிள்ளை கட்டிலில்தான் கிடக்கும்.

மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், ஓடுவதால் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. இப்படிப் பயந்தவர் அவர் மட்டுமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி 1960 வரை அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடி, விநாடியில் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 39 வருடம் கழித்து ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதே 55.42ஐத் தொட்டார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை ஓட்டக்காரர்தான்.

உங்கள் மகளுக்கும் அப்படி ஒரு துணை வேண்டும். தெருவிலோ வகுப்பிலோ ஒரு தோழியைச் சேர்த்து விடுங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பேசிக்கொண்டே ஓடுகிற வேகம் போதும். முதல் இரண்டு மாதம் ஸ்டாப்வாட்ச் வேண்டாம். எடை என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து நான் இனி கேட்கக் கூடாது. ஓட்டத்தைத் தண்டனையாக்கியது அந்தச் சொல்தான். ஆசையாக ஓடியவள் அவள்.

அவள் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. மகனைக் கோச்சிங்கில் சேர்க்கத் தெரிந்தவர், காலையில் அரை மணி நேரம் மகளோடு கிரவுண்டில் நிற்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். சாயங்காலம் போங்கள், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாக அமையும். முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடையிலேயே நாலடி ஓடிப் பார்க்கட்டும், நிறம் அவளே பார்த்து எடுக்கட்டும். பிறகு என்ன சைஸ் என்று எனக்கு எழுதுங்கள். இன்றைக்கு அது உங்களுக்குத் தெரியாது.