நாள்பட்ட இரத்தப் புற்றுநோயும் சர்க்கரையும்: ஒரு மருந்தாளுநரின் பதில்கள்

நான் மருத்துவர் அல்லேன். இரத்தநோய்ப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய மருந்தாளுநர். மருந்துகளும் பரிசோதனை அறிக்கைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். உங்கள் நோய் சி.எம்.எல். (நாள்பட்ட மைலாய்டு லுகேமியா) வகையா, சி.எல்.எல். (நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியா) வகையா என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். லுகேமியா என்பது இரத்தப் புற்றுநோய். பெயரில் ஓர் எழுத்துதான் வேறு. மருந்துகளோ முற்றிலும் வேறு.

கேள்வி: சி.எம்.எல். நோய்க்கு இமாட்டினிப் எடுத்துவந்தேன். நிலோட்டினிபுக்கு மாற்றிய இரண்டே மாதத்தில் வெறும்வயிற்றுச் சர்க்கரை 118இலிருந்து 165 ஆகிவிட்டது. சில நாள் காலையில் கைநடுக்கமும் வியர்வையும் வருகின்றன. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு எடுக்கிறேன்.

பதில்: நிலோட்டினிப் சர்க்கரையை ஏற்றக்கூடிய மருந்து; கொழுப்பையும் ஏற்றும். இமாட்டினிபோ சிலருக்குச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும்போது அளவு உயர்வதில் வியப்பில்லை. ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் கைநடுக்கம்; அது தாழ்சர்க்கரையின் அறிகுறியாக இருக்கலாம். நிலோட்டினிபை உண்பதற்கு முன் இரண்டு மணி நேரமும், உண்ட பின் ஒரு மணி நேரமும் வயிறு காலியாக இருக்க வேண்டும். உணவோடு சேர்ந்தால் அது அளவுக்கு மீறி உடலில் ஏறி இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். கிளிமிபிரைடோ உணவை ஒட்டி எடுக்க வேண்டியது. இரண்டையும் ஒரே மிடறில் விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் பட்டினியாகக் காத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சர்க்கரை மாத்திரையைக் காலை உணவுக்கு நேராகத் தள்ளிவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். நடுக்கம் வரும்போது விரல்நுனியில் ஒரு சோதனை செய்து குறித்துவையுங்கள். நிலோட்டினிப் கால், இதயம், மூளை ஆகியவற்றுக்குச் செல்லும் தமனிகளைச் சுருக்கக்கூடியது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்த ஆபத்து கூடுதல். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்தால் அதைச் சர்க்கரைக்கால் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எதுவானாலும் புற்றுநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளருமா?

பதில்: உடலின் எல்லா அணுக்களும் குளுக்கோசைப் பயன்படுத்துகின்றன, இனிப்பை நிறுத்தினால் லுகேமியா பட்டினி கிடந்து சாகாது. நீரிழிவுக்காக இனிப்பைக் குறையுங்கள்.

கேள்வி: சி.எல்.எல். வகை. வெள்ளணுக்கள் 2.4 லட்சம். ஆய்வகத்தில் சர்க்கரை 41 என்று வந்தது. அதே நாள் வீட்டுக் கருவியில் 132. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எதை நம்புவது?

பதில்: நல்ல கேள்வி. குழாயில் எடுத்த இரத்தம் சோதனைக்குப் போகும்வரை உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள கோடிக்கணக்கான வெள்ளணுக்கள் காத்திருக்கும் நேரத்தில் குளுக்கோசைத் தின்றுகொண்டே இருக்கின்றன. சர்க்கரைச் சோதனைக் குழாயில் சேர்க்கப்படும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும் என்றாலும் உடனே முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே சர்க்கரை குறைந்தது உங்கள் உடலில் அல்ல, குழாயில். இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரித்துச் சோதிக்கும்படி கேட்கலாம். பொட்டாசியமும் இதேபோல் ஏமாற்றும். நொய்ந்த வெள்ளணுக்கள் குழாயில் உடைந்து அளவை உயர்த்திக் காட்டும். ஆனால் வியர்வையோ குழப்பமோ இருந்தால் இந்த விளக்கத்தையெல்லாம் மறந்துவிட்டு, உண்மையான தாழ்சர்க்கரை என்றே கருதி முதலில் குளுக்கோஸ் எடுங்கள்.

கேள்வி: தந்தைக்கு லுகேமியா. கால் மரத்துப்போகிறது. என்ன மருந்து?

பதில்: எந்த வகை, என்னென்ன மாத்திரைகள்? எல்லா மருந்துகளையும் தேதியோடு ஒரே தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கும் சி.எல்.எல். சிவப்பணுச் சிதைவுக்கு ஆறு வாரமாகக் காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கிறேன். ஹெச்பிஏ1சி 9.1இலிருந்து 5.2க்கு வந்துவிட்டது, வெறும்வயிற்றில் 98. நீரிழிவு போய்விட்டதால் மாத்திரைகளை நிறுத்திவிட்டேன்.

பதில்: மன்னியுங்கள், போகவில்லை. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில்தான் அதை மூன்று மாதச் சராசரி என்கிறோம். உங்களுக்கு அவை முன்னதாகவே அழிகின்றன. சர்க்கரை ஒட்டுவதற்கே நேரமில்லை.

அவரே: ஆய்வகம் தவறு செய்யவில்லையே. வெறும்வயிற்று அளவும் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: ஆய்வகம் சரியாகவே அளந்தது. காலையில் எடுக்கும் பிரெட்னிசோலோன் மதிய உணவுக்குப் பின்னும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும், இரவில் இறங்கிவிடும். விடியற்காலையில் மட்டும் சோதிப்பவருக்கு அது கண்ணில் படாது. இன்று மாலை நான்கு மணிக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

இன்னொருவர்: குறுக்கிடுகிறேன். எனக்கு சி.எம்.எல்.; இமாட்டினிப் தொடங்கியபின் உண்மையாகவே சர்க்கரை குறைந்து இன்சுலினைக் குறைத்தார்கள். நீங்கள் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: உங்களுக்கு நடந்ததை நான் மறுக்கவில்லை, அப்படி நடப்பதுண்டு என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். உங்கள் விரல்நுனி அளவுகளும் சேர்ந்து குறைந்தன, மருத்துவர் பார்த்து இன்சுலினைக் குறைத்தார். இவருடையது வேறு நோய், வேறு மருந்து, சான்றாக இருப்பதோ ஒரே ஓர் எண். 5.2 என்றால் சராசரி 103க்கு அருகில் இருக்க வேண்டும். கருவி அதை ஒப்புக்கொள்கிறதா என்பதே கேள்வி.

கேள்வி: இனிப்பு புற்றுநோய்க்குத் தீனி என்கிறார்களே?

பதில்: மேலே பதில் இருக்கிறது.

கேள்வி: சி.எல்.எல். கண்டுபிடித்து நான்கு ஆண்டுகளாக மருந்தே தரவில்லை. அலட்சியமா?

பதில்: இல்லை. அறிகுறியற்ற ஆரம்ப நிலையில் முன்கூட்டியே மருந்து கொடுத்து ஆயுள் நீண்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. கண்காணிப்பும் சிகிச்சைத் திட்டம்தான்.

கேள்வி: வெல்லம், தேன் இவையும் புற்றுநோயை வளர்க்குமா?

பதில்: இது மூன்றாவது முறை. இனி இதற்குப் பதில் இல்லை.

மாத்திரையை நிறுத்தியவர்: மாலை நான்கு மணிக்கு 271. மறுபடி பார்த்தேன், 268. பழைய மாத்திரைகளைத் தொடங்கிவிடட்டுமா?

பதில்: நீங்களாகத் தொடங்க வேண்டாம், பிரெட்னிசோலோனையும் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். இந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதி இன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். ஸ்டீராய்டு அளவு குறையக் குறையச் சர்க்கரை மருந்தையும் கூடவே குறைக்க வேண்டியிருக்கும் என்பதால், இரத்தநோய் மருத்துவர், நீரிழிவு மருத்துவர் இருவருக்கும் அந்தக் குறைப்பு அட்டவணை தெரிந்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் நிலைப்படும்வரை ஹெச்பிஏ1சிக்குப் பதிலாக, இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃபிரக்டோசமைன் சோதனை உதவுமா என்றும் கேளுங்கள். அளவு இன்னும் ஏறினாலோ வாந்தி, மிகுந்த தாகம், அசதி சேர்ந்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.