சிறு உருவங்களின் முகம் உயிரோட்டமாகத் தெரிய எப்படி வண்ணம் தீட்டுவது?

கண்ணையும் வாயையும் எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் கையடக்கமான பொம்மை உருவம் திடுக்கிட்டு விழிப்பது போலவே இருக்கிறது என்றும், இன்னும் மெல்லிய தூரிகை வாங்கினால் இது சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூரிகையால் இது சரியாகாது என்பதே என் கருத்து. ஒளியும் நிழலும் உரிய இடத்தில் அமைந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை வருகிறது. அவை அமையாத முகத்தில் கண்ணை எத்தனை நுணுக்கமாக வரைந்தாலும் அது ஒட்டவைத்தது போலத்தான் தெரியும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். மனிதக் கண்ணின் திறப்பு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் உயரமும் உடையது. கருவிழியின் குறுக்களவு 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 35-இல் ஒரு பங்கு அளவிலான உருவத்தில் அந்தத் திறப்பு ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, உயரமோ 0.3 மில்லிமீட்டர்தான். அதே உருவத்தை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்துப் பார்ப்பது, உண்மையான ஒரு மனிதரைப் பத்து மீட்டருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் ஒருவருடைய வெண்விழி நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. புருவத்தின் கீழ் விழும் நிழலும், மூக்குத்தண்டின் மேல் படும் ஒளியும், கன்ன எலும்பின் மேடும்தான் முதலில் தெரிகின்றன. ஆகவே முதலில் தீட்ட வேண்டியவை அவைதாம்.

வண்ணம் ஒட்டுவதற்காக முதலில் பூசும் சாம்பல் நிற அடிப்பூச்சு (பிரைமர்) நன்கு உலர்ந்ததும், நடுத்தரமான தோல் நிறத்தை நீர் கலந்து மெல்லிய இரண்டு பூச்சுகளாகக் கொடுங்கள். தடித்த ஒரே பூச்சு இமைகளின் விளிம்பையும் உதட்டுக் கோட்டையும் மூடிவிடும். அதன் பின் ஒளி மேலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, கண்குழி, மூக்கின் அடிப்பக்கம், கீழுதட்டின் கீழ்ப் பள்ளம், தாடையின் அடி ஆகிய இடங்களில் நிழல் இடுங்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலக்கக் கூடாது. தோல் அழுக்கேறியது போல ஆகிவிடும். செம்பழுப்பும் அதனுடன் சிறிது ஊதாவும் கலந்தால் இரத்த ஓட்டமுள்ள தோலின் நிழல் கிடைக்கும். ஒளி படும் இடங்களுக்கு வெறும் வெள்ளையைக் கலப்பதும் இதே போன்ற தவறுதான், ஏனெனில் அது முகத்தைச் சுண்ணாம்பு பூசியது போல வெளிறச் செய்யும். வெளிர் தோலுக்கு மஞ்சள் சாயலுள்ள தந்த நிறமும், கருந்தோலுக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பும் பொருந்தும். கருந்தோலில் ஒளி கூர்மையாகத் தெறிக்கும் என்பதால், நெற்றியிலும் மூக்கு நுனியிலும் இளநீலச் சாயலில் மிகச் சிறிய தெறிப்புகளையும் துணிந்து வைக்கலாம். நான் மிகவும் விரும்பிச் செய்யும் பகுதி இதுதான்.

முகம் முழுவதும் ஒரே நிறம் அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிர் தோலுள்ள முகத்தில் நெற்றி சற்று மஞ்சளாகவும், கன்னம், மூக்கு, காது ஆகியவை சிவந்தும், மழித்த ஆணின் தாடை நீலம் கலந்த சாம்பலாகவும் இருக்கும். வண்ணத்தை நீர்போல ஆகும்வரை கரைத்து, தூரிகையிலுள்ள மிகுதியைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, இந்தச் சாயல்களைப் படலம் படலமாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படலமும் உலரும்வரை காத்திருப்பது கட்டாயம்.

இனி கண்களுக்கு வருவோம். கண்குழிக்குள் அடர்பழுப்பை நிரப்பி, அதன் மேல் வெண்விழியை இடும்போது, சுற்றிலும் மயிரிழை அளவு பழுப்பு எஞ்சும்படி விடுங்கள்; மேல் இமையின் நிழலும் இமைமயிரும் அதிலேயே அமைந்துவிடும். வெண்விழிக்குத் தூய வெள்ளை வேண்டாம், இளஞ்சாம்பலோ வெளிர் மணல் நிறமோ போதும். உங்கள் உருவங்கள் திடுக்கிட்டு விழிப்பதற்குக் காரணம், பெரும்பாலும், கருவிழியை வெண்விழியின் நடுவில் தனிப் புள்ளியாக வைப்பதுதான். இயல்பான பார்வையில் கருவிழியின் மேல் ஓரம் இமைக்குள் மறைந்திருக்கும். அதற்கு மேலே வெண்மை தெரிந்தால் அது அச்சத்தின் அடையாளம். எனவே புள்ளிக்குப் பதிலாக, மேல் இமையிலிருந்து கீழ் இமை வரை தொடும் சிறு செங்குத்துக் கோடாகக் கருவிழியை இடுங்கள். இரு விழிகளும் ஒரே திசையில் நோக்குவதற்கு, நேர்ப்பார்வையை விடச் சற்றுப் பக்கவாட்டுப் பார்வை எளிது. கோடு பிசகினால் தோல் நிறத்தால் விளிம்பைத் திருத்திக்கொள்ளலாம். மேலே சொன்ன தோல் சாயல்களின் இறுதிப் படலங்களை ஏற்றும் முன்பே கண்ணை முடித்துவிட வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகவே. 28 மில்லிமீட்டர் உயரமே உள்ள இன்னும் சிறிய உருவங்களில் கண்குழியின் நிழலோடு நிறுத்திக்கொண்டாலும் குறையாகத் தெரியாது.

வாய்க்கு அதிகம் செய்ய வேண்டியதில்லை. மேலுதடு கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் இருண்டிருக்கும், கீழுதடு ஒளியை ஏற்கும், இடையில் ஓர் அடர்ந்த கோடு இருக்கும்.

தூரிகையைப் பொறுத்தவரை, மூன்று சுழி எண் (000) கொண்ட மிக மெல்லியதை விட, நுனி கூர்மையாகக் கூடும் 0 அல்லது 1 எண் சேபிள் (விலங்கு மயிர்) தூரிகையே மேலானது. மிகச் சிறிய தூரிகையில் நிற்கும் துளி வண்ணம் முகத்தைத் தொடும் முன்பே உலர்ந்துவிடும். உங்களுக்குக் கோடு விட்டுவிட்டு விழுந்தால் இதுவே காரணமாக இருக்கக்கூடும். முழங்கைகளை மேசையில் ஊன்றி, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டால் நடுக்கம் வெகுவாகக் குறையும்.

எல்லாம் முடிந்ததும் பளபளப்பில்லாத மங்கல் வார்னிஷை மெல்லியதாகப் பூசுங்கள். பளபளக்கும் தோலில் அறையின் வெளிச்சம் பட்டுத் தெறித்து, நீங்கள் தீட்டிய ஒளியைக் குழப்பிவிடும். அது உலர்ந்த பிறகு விழிகளிலும் கீழுதட்டிலும் மட்டும் பளபளப்பு வார்னிஷை ஒரு துளி வையுங்கள்.